கதவைத் திறந்தவர் பெயர்

ராசா,

வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து அம்மா எழுதுகிறேன். நீ கப்பலேறப் போகிறாய் என்பதை எனக்கு அலுமாரிதான் சொன்னது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சீலை மாற்றப் போனேன். அப்பாவின் கம்பளிக் கோட்டைக் காணவில்லை. நுவரெலியாவுக்கு மாற்றம் வரப்போகிறது என்று அந்த மனிதர் ஆசையாகத் தைப்பித்து, மாற்றம் வராமலே போனதால் ஒரு நாளும் போடாமல் வைத்துவிட்டுப் போன கோட்டு. கள்ளன் வந்திருந்தால் மணிக்கூட்டையல்லவா எடுத்திருப்பான், இந்த வெயிலில் கம்பளிக் கோட்டை எடுக்கிற கள்ளன் ஆர் என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தேன். மேசையில், மாம்பழத் தட்டுக்குப் பக்கத்தில், உன்னுடைய வாசல் திறப்புக் கிடந்தது. பள்ளிக்கூட நாளில் தொலைத்துவிடுவாய் என்று நான் கறுப்புக் கயிற்றில் கோர்த்துத் தந்த அதே சாவி. கோட்டை எடுத்துக்கொண்டு, சாவியை வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாய்.

அப்பா போட்ட இங்கிலீஷ் பூட்டு அது. இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆகையால் உனக்குச் சுகமாகப் போயிற்று. நான் வரும்வரை காத்திருக்கத் தேவை வரவில்லை. பக்கத்து வீட்டு மனிசி மதிலால் எட்டிப் பார்த்து, "தம்பி மத்தியானம் வந்தவர், ரீச்சர். வெளிநாட்டுக்குப் படிக்கப் போறாராமே, அடுத்த கிழமை கப்பலாம். உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள். "ஓம், தெரியும்" என்றேன். பிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்து அழுதேன். உனக்கு இதை மறைக்க நான் விரும்பவில்லை. நீ மத்தியானம் பார்த்து வந்தது நான் வீட்டில் இல்லாத நேரம் என்று தெரிந்துதான். அதுதான் என்னைச் சுட்டது.

இதை ஏன் அச்சடித்திருக்கிறேன் என்று கேட்பாய். உறையில் போட்டுக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினால் நீ பிரிக்கமாட்டாய். விலக்கப்பட்ட ஒருவனுக்குச் சோறு போடுகிற வீட்டுத் தபாலைத் தொடக்கூடாது என்பது உங்கள் ஒழுங்கு. ஆனால் அச்சடித்த எதையும் வாசிக்காமல் விடுகிற பழக்கம் உனக்கு இல்லை. கடலைச் சுருளைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவாய். ஆகையால் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இதைக் கைக்குக் கை கொடுக்கப் போகிறேன். யாரோ ஒரு தாயின் புலம்பல் என்று மற்றவர்கள் நினைக்கட்டும். உனக்குத் தெரியும். உன் பெயர், என் பெயர், நீ போகிற தேசத்தின் பெயர் ஒன்றும் இதில் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இந்தத் தாளால் உனக்கு ஒரு தொல்லை வரக்கூடாது. அந்தத் தேசத்தை நான் எப்போதும் சொல்கிற மாதிரிப் பனித்தேசம் என்றே எழுதுகிறேன். ஒரேயொரு பெயர் மட்டும் இருக்கும்: நிசாம். இதை அச்சுக் கோர்க்கிறவன் அவன்தான். "மத்தவங்கட பேரெல்லாம் வாணாம், சரி டீச்சர். என்ட பேர மட்டும் போடுங்க. ஒருக்கா அவங்க வெட்டினது போதும்" என்று சொன்னான்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்லுகிறேன், நீ பொறுத்துக்கொள். அப்பா போய், நீ வளர்ந்து படித்து முடித்த பிறகு அரசாங்க உத்தியோகத்துக்குச் சோதனை எழுதுவாய் என்று இனசனம் எல்லாம் பார்த்திருந்தது. நீ துறைமுகத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டப் போனாய். கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேலே அறை எடுத்து, பனித்தேசத்தை ஆளுகிற கட்சியின் வரலாற்றைத் தொழிலாளருக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டாய். புத்தகம் இங்கிலீசில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, உங்களிட்டைத்தான் நல்ல தமிழ் இருக்கு. எங்கட ஆக்கள் எழுதினா அவைக்கே விளங்காது" என்றாய். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துப் பெட்டைகளுக்குச் செய்யுள் விளக்கி விளக்கித் தொண்டை வறண்டுபோன எனக்கு இது ஒரு புதினமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், புத்தகத்துக்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தியாயம் எடுக்க நீ கிழமைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவாய் என்பதற்காக ஒத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார். யுத்தம் முடிந்தும் அரிசி கூப்பனுக்குத்தான். கோதம்ப மாவில் புட்டு அவித்து, மீன் சொதியும் சம்பலும் வைப்பேன். நீ காலை றெயினில் வந்து இறங்குவாய், கூடவே நிசாம். புறக்கோட்டையில் கலியாண அழைப்பும் விளம்பரமும் அடிக்கிற சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன், உன் வகுப்பின் முதல் மாணவன், உனக்கு உயிர்ச் சிநேகிதன். நீ இங்கிலீசை வாசிப்பாய். நான் தமிழில் சொல்லுவேன். நிசாம் புட்டைக் குழைத்தபடி கேட்டுவிட்டு அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லுவான். அவன் சொன்னது நீ வாசித்ததோடு ஒத்துவந்தால் எழுதுவேன். இல்லாவிட்டால் மறுபடி தொடக்கத்தில் இருந்து. "டீச்சர், இத இப்பிடிச் செல்லுங்க, கொச்சிக்கடையில மூட்ட தூக்கிறவனுக்கும் வெளங்கும்" என்பான். நீங்கள் இருவரும் போட்ட சண்டையில் றெயின் போகிற சத்தம்கூடக் கேளாது. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிற மாதிரி இருந்தது.

அந்தப் புத்தகத்தில் வருகிற ஆட்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் புகையிரத வண்டி மாதிரி நீளம். உன் வகுப்புக்காரருக்கு வாயில் நுழையவில்லை. ஆகையால் அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். தாடி பெரிதாக இருந்தவர் தாடியண்ணர். சிறையில் பாலை மையாக வைத்து எழுதினவர் பால்காரர். எல்லாருக்கும் மேலாக அவர்களுக்குப் பிடித்தவர் கதவண்ணர். மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறாரே, அவர்தான். பழைய அரசன் காலம். பனி கொட்டுகிற ஒரு விடியற்புறம் பொலிஸ் துரத்த, கள்ள அச்சு யந்திரத்தை வண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு தோழர்கள் தெருத்தெருவாக ஓடுகிறார்கள். தட்டின கதவு ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு கதவு திறக்கிறது. கதவைத் திறந்த மனிதர் ஆர், எவர் என்று கேட்கவில்லை. "செருப்பைக் கழற்றாமல் வாருங்கள், தரை குளிர்" என்று மட்டும் சொல்கிறார். நான் அந்த இடத்தைத் தமிழில் எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. நீ வகுப்பில் வாசித்தபோது துறைமுகத்து ஆட்கள் கைதட்டினார்களாம். அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் உதவி கேட்கும்போதெல்லாம், "என்ன தோழர், கதவண்ணர் மாதிரி இருங்கோ" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு பனித்தேசத்தில் இருந்து புதுப் பதிப்பு வந்தது. நீ மண்ணிறத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, சாப்பிட இருக்கமுன்னமே, "அம்மா, மூண்டாம் அத்தியாயத்தைத் திருத்தவேணும்" என்றாய். பார்த்தால் கதவண்ணர் இல்லை. முன்பக்கத்துப் படத்தில் அவர் நின்ற இடத்தில் திரைச்சீலை ஒன்று தொங்கியது. "என்ன செய்தவர்?" என்று கேட்டேன். "துரோகி" என்றாய். "எப்ப இருந்து?" என்றேன். "அண்டைக்கே துரோகிதான் அம்மா. இப்பதான் கண்டுபிடிச்சிருக்கினம்." "அப்ப அந்த விடியற்புறம் ஏன் கதவைத் திறந்தவர்?" நீ என்னைப் பார்க்காமல், "உங்களுக்கு விளங்காது" என்றாய். படிப்பிக்கிற வேலையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு ஒன்று தெரியும்: பிள்ளைகள் அப்படிச் சொல்வது தங்களுக்கு விளங்காத இடத்தில்தான். எனக்குக் கோபம் வந்தது. "நான் கை வைக்கமாட்டன். வேணுமெண்டா நீயே கோடு போட்டு அடி" என்றேன். நீ என் மேசையில் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாய், பெட்டைகளின் கட்டுரை திருத்துகிற பென்சில். புட்டு ஆற ஆற, பக்கம் பக்கமாகப் பிரட்டி அந்த நீளப் பெயரை அடித்தாய். நிசாம் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தான்.

இனி நடந்ததற்கு நானே சாட்சி. அந்தக் கிழமை வகுப்புக்கு நானும் வந்திருந்தேன். உங்கள் பெரிய பிழை என்ன தெரியுமா? அடிக்கச் சொன்ன பெயரைச் சரியாக அடித்தீர்கள். ஆனால் அந்த அறையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தவர் கதவண்ணர். நீ புதுப் பக்கத்தை வாசித்தாய். தோழர்கள் பனியில் ஓடினார்கள், தட்டினார்கள், பிறகு அச்சு யந்திரம் பத்திரமாக இருந்தது என்று முடித்தாய். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிசாம் எழும்பினான். பகிடிக்காக எழும்பவில்லை, அவனுடைய முகத்தை நான் பார்த்தேன், உண்மையாகவே கேட்டான். "தோழர், கதவண்ணரக் காணல்லியே. அப்ப அந்தக் கதவ ஆரு தொறந்த? அந்த ஊருல கதவெல்லாம் தானாத் தொறக்குமா?" அறை கொல்லென்று சிரித்தது. கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஏணியில் ஏறி என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய், ராசா. உன் வாயின் ஓரம் விரிந்ததை நான் கண்டேன். பிறகு உன்னோடு மேசையில் இருந்த கட்சித் தோழர்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாயை இறுக்கிக்கொண்டாய்.

கட்சியின் வரலாற்றைக் கேலி செய்தான் என்று நிசாமை விலக்கினீர்கள். முதல் தூக்கிய கை உன்னுடையதாம். அவன் தானாக எனக்கு இதைச் சொல்லவில்லை; நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். சொல்லிவிட்டு, "அவனுக்கு வேற வழியில்ல டீச்சர். என்ட சிநேகிதன் எண்டு எல்லாருக்கும் தெரியும். அவன் பிந்தி இருந்தா அவனையும் கேப்பாங்க" என்று உனக்காக வாதாடினான். விலக்கப்பட்டவனோடு பேச்சில்லை, ஒரே பெஞ்சில் இருப்பதில்லை, தெருவில் கண்டால் முகத்தைத் திருப்புவது. இது உங்கள் வழமை. செட்டியார் தெருவில் எதிர்ப்பட்டபோது நீ ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாயாம். நகைக்கடையில் உனக்கு என்ன வேலை என்று அவன் சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான்.

அடுத்த ஞாயிறு அவன் என்னிடம் வந்தான், நீ வரமுன்னம் போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு. ஏன் போகவேண்டும், இருந்து சாப்பிடு என்று நான்தான் பிடித்து வைத்தேன். நீ வந்தாய். நான் குசினியால் யன்னலூடாகப் பார்த்தேன். படலையைத் திறந்து வாசல்வரை வந்து, படியில் கிடந்த அவனுடைய செருப்பைக் கண்டாய். குதியில் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்த அந்தச் செருப்பை உனக்குத் தெரியாமல் இருக்குமா. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாய். கதவைத் தட்டவில்லை. அப்படியே திரும்பி, படலையைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, ஸ்ரேசன் பக்கம் நடந்தாய். என் கையில் கொதிக்கிற சொதிச் சட்டி. வைத்துவிட்டு ஓடிவந்து உன் பெயரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும், எழும்பிப் போய்விடுவான். நான் அந்தச் சட்டியோடு நின்றேன். பிறகு ஒருவன் மூலம் சொல்லி அனுப்பினாய்: அவனுக்குக் கதவைச் சாத்தினால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை. நான் சாத்தவில்லை. நீ வரவில்லை.

இதைத் தத்துவம் என்று என்னோடு வாதாட வராதே. எங்கள் இனசனத்துக்கு இந்த வித்தை உங்கள் கட்சி பிறக்கமுன்னமே தெரியும். உன் சித்தப்பாவை நினைத்துப் பார். பறங்கிப் பெண்ணைக் கலியாணம் செய்தார் என்று அவருடைய பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றார்கள். கலியாண அழைப்புகளில் சகோதரர் வரிசையில் அவர் இல்லை. குடும்பப் படத்தில் அவர் நின்ற ஓரத்தை மடித்துச் சட்டம் போட்டார்கள். அப்பாவின் உடம்பை இந்த வீட்டுக்குள் கிடத்தியிருந்த அன்று சித்தப்பா வந்து, உள்ளே வர ஒருவரும் சொல்லாததால், தெருவில் வெயிலுக்குள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை பெரியவர்களும் மரமாக நிற்க, வேட்டி இடுப்பில் நில்லாத வயதில் நீ ஒருவன் நடந்துபோய் அவருடைய கையைப் பிடித்தாய். "சித்தப்பா, உள்ளை வாங்கோ. அப்பா உள்ளைதான் படுத்திருக்கிறார்" என்றாய். கட்சி, புரட்சி, சமத்துவம் என்று நீ பிறகு எத்தனையோ சொன்னாய்; எல்லாவற்றையும் நான் நம்பினேன், ஏனென்றால் அந்த வெயிலுக்குள் நடந்துபோனவன் நீ.

உங்கள் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. மூட்டை தூக்கிக் கூன் விழுந்த மனிதருக்கு நல்ல கூலி வேண்டும் என்பதில் எனக்கு உன்னோடு சண்டை இல்லை. துரைமார் கப்பலேறிப் போகப்போகிறார்கள் என்கிறார்கள். அதற்குப் பிறகு இங்கே என்ன வரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை இந்தக் கொழும்பில் என்னளவு மெதுவாக வாசித்தவர் வேறு ஒருவரும் இல்லை. மொழிபெயர்க்கிறவள் ஒரு சொல்லையும் பாய்ந்து போக ஏலாது. முதல் அத்தியாயத்தில் ஒரு சின்ன மேசையைச் சுற்றி எல்லாரும் எல்லாரோடும் சண்டை பிடிக்கிறார்கள். இரவல் கோட்டு, இரவல் காசு, கள்ளப் பெயர். ஆனால் வாய் அவர்களுடையது. நடுவில் வெல்லுகிறார்கள். வென்ற பிறகு மற்றக் கட்சிகளைப் பூட்டுகிறார்கள். எதிரிகள் என்று சொல்லுகிறார்கள், சரி, நானும் எழுதினேன். வெளியில் பூட்ட ஒரு கட்சியும் மிச்சம் இல்லாமல் போகிறது. அதற்குப் பிறகு எதிரி எங்கே இருந்து வருகிறான் தெரியுமா? அந்த மேசையில் இருந்தே வருகிறான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் மேசையில் ஆட்கள் குறைகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. ஒருவர் பேசுகிறார், எல்லாரும் எழும்பி நின்று கைதட்டுகிறார்கள். நான் அதை எழுதி முடித்த அன்று, கைதட்டுகிறவர்கள் ஏன் ஒருவருமே முதலில் நிறுத்தவில்லை என்று யோசித்தேன். நிறுத்தப் பயம், வேறென்ன.

அந்த மேசையில் போய் இருக்கத்தான் நீ போகிறாய். எனக்கு உள்ள ஒரே பயம் இதுதான், மறைக்காமல் சொல்லுகிறேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் யாராவது உண்மையாகவே ஒரு கேள்வி கேட்பான், அறை சிரிக்கும், உன் வாயின் ஓரம் விரியும். இங்கே கண்டவள் நான் ஒருத்திதான். அங்கே வேறு ஆட்கள் காண்பார்கள். நீ நல்லாய் நடிக்கமாட்டாய், ராசா. ஒளித்துப் பிடித்து விளையாடும்போதுகூடச் சிரித்து அகப்படுகிற பிள்ளை நீ. கதவைத் திறந்த மனிதருக்கே அந்த வரலாற்றில் இடமில்லை என்றால், கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த உனக்கு எந்த மூலையில் இடம் வைத்திருப்பார்கள்?

போகவேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நீ இன்னும் வேகமாகப் போவாய்; அந்தக் குணம் என்னிடம் இருந்து வந்தது. போ. கோட்டின் இரண்டாம் பொத்தான் தளர்ந்திருக்கிறது, கறுப்பு நூலும் ஊசியும் கொண்டுபோ. காது மூட ஒன்று வாங்கு. உனக்குக் குளிர் முதலில் காதில்தான் பிடிக்கும். ஒருவன் உன் முன்னால் நிற்கும்போது அவனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் அவனைப் பார். கையைத் தூக்கச் சொன்னால், முதலாவதாகத் தூக்காதே. தூக்காமலே இருக்க உனக்குத் துணிவு வராவிட்டால் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் முதலாவதாகத் தூக்காதே. அந்தக் கையைத் தூக்கிய அன்று நீ அறைக்குப் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு ஆசை. சாப்பிட்டிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றிக் கேட்கமாட்டாய், நானே சொல்லுகிறேன். பகலில் பெட்டைகளின் சத்தத்தில் தெரிவதில்லை. பொழுதுபட்டு வீட்டுக்கு வந்தால்தான் பொல்லாதது. கட்டுரைக் கொப்பிகளைச் சத்தமாக வாசித்துத் திருத்துகிறேன், வீட்டுக்குள் ஒரு குரல் கேட்கட்டும் என்று. றெயின் நின்று போகிற சத்தம் கேட்டால் இன்னும் படலையைப் பார்க்கிறேன். கோவிலுக்குப் போனால் சனம், "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்கிறது என்பதால் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போகிறேன். இழுப்பு வேறு வருகிறது. மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. எனக்குத் தனிமை தாங்கவில்லை, ராசா. நான் வீறாப்புப் பிடித்தவள் என்று நீ நினைப்பாய். ஒரு ஞாயிறு முழுக்க, அவனுக்குக் கதவைச் சாத்திவிட்டால் என்ன, என் பிள்ளை வந்துவிடுவானே என்று இருந்து யோசித்திருக்கிறேன். அவன் வந்து தட்டினான். எழும்பிப் போய்த் திறந்தேன். திறக்காமல் விட எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான் காரணம்.

அவன் இப்போதும் ஞாயிறு வருகிறான். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. நீ இருந்த கதிரையை ஒருவரும் இழுப்பதில்லை. போன கிழமை இழுப்புக் கூடியபோது அவன்தான் டாக்டரைக் கூட்டிவந்தான். நான் எழும்பி வந்து கதவைத் திறக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவன் கண்டுவிட்டான். "டீச்சர், ஒரு நாளைக்கு நீங்க எழும்ப ஏலாம இருந்தா நான் என்ன செய்ற?" என்று கேட்டான். 

ஆகையால் இதைக் கேட்டுக்கொள். ஒருநாள் அங்கே உன் பெயரையும் யாராவது ஒரு சிவப்புப் பென்சிலால் அடிப்பார்கள். அடிக்காமல் விட்டால் சந்தோசம்; என் பயம் வீணாகப் போகட்டும். ஆனால் அடித்தார்கள் என்றால், படத்தில் நீ நின்ற இடத்தில் திரைச்சீலை தொங்கினது என்றால், இங்கே உன் தோழர்களும் நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்க்கத் தொடங்கினால், எப்படியாவது கப்பலேறி வந்துவிடு. ஒன்றும் விளக்கவேண்டாம். துரோகியா, எப்ப இருந்து என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றாமலே வரலாம்.

வந்து தட்டு. இந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், தானாகத் திறக்காது. நான் இருந்தால் எழும்பி வருவேன். கொஞ்சம் நேரம் எடுக்கும், திரும்பிப் போய்விடாதே. தட்டித் தட்டி நான் வராவிட்டால், புறக்கோட்டைக்குப் போ. நீ மேசையில் வைத்துவிட்டுப் போன திறப்பை, அந்தக் கறுப்புக் கயிற்றோடு, நிசாமிடம் கொடுத்திருக்கிறேன். நீ வாய் திறந்து கேட்டால் தருவான்.

அம்மா